கூடத்து மூலையும் குரோட்டன்ஸ் செடியும்

திருச்சிராப்பள்ளியில் தில்லைநகரிலோ கே.கே. நகரிலோ, அல்லது காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் அடுக்ககங்களிலோ இக்காலத்தில் ஒரு கிருகப்பிரவேசம் நடைபெறுமானால், முன்னாளில் குத்துவிளக்கும் எவர்சில்வர் பாத்திரமும் பரிசாக வந்த இடத்தில், வெண்ணிறப் பீங்கான் தொட்டியில் நட்ட வண்ண இலைச் செடியொன்று வந்து சேர்வது சாதாரணமாகிவிட்டது. செந்நரம்பு ஓடிய அக்லோனிமா, இலையின் முதுகெல்லாம் ஊதா பாய்ந்த கலாத்தியா, வெள்ளையும் சிவப்பும் திட்டுத்திட்டாய்ப் படர்ந்த கலாடியம் என்று ஏதோ ஒன்று வருகிறது. வந்ததும், கூடத்தின் மூலையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் சோபாவுக்கும் நடுவே, வருவோர் கண்ணில் படும்படி வைக்கப்படுகிறது. தை மாதத்தில் வந்த செடி கத்திரி வெயில் பிறக்குமுன்பே இலையனைத்தும் உதிர்ந்து குச்சியாக நிற்கிறது. வீட்டு அம்மாள் தமக்குக் கைராசி இல்லையென்று நொந்துகொள்கிறார். கைராசியைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தச் செடி வைத்த இடத்தால் செத்தது. அந்த இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமான எண்ணம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றியே இங்கே சிறிது சொல்ல உத்தேசம்.

இலையின் வர்ணம் எதனால் உண்டாகிறது என்பதை யோசித்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். சூரிய ஒளியைப் பற்றி உணவாக மாற்றும் வேலையைச் செய்வது பச்சையம். மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகளாலும், சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்னும் நிறமியாலும் வருபவை. வெள்ளைத் திட்டிலோ பச்சையம் அறவே இல்லை, ஆகையால் அந்தப் பகுதி தனக்கென்று ஒரு கவளமும் சம்பாதிப்பதில்லை. பச்சையாக எஞ்சியிருக்கும் இடங்களே முழுச் செடிக்கும் உழைத்துப் போடவேண்டியிருப்பதால், ஒரே அளவுள்ள இரண்டு செடிகளில், முற்றிலும் பச்சையான செடியைவிட வண்ணம் கலந்த செடிக்கு அதிக வெளிச்சம் அவசியமாகிறது. அது கிடைக்காதபோது செடி என்ன செய்கிறதென்றால், புதிதாக விடும் இலைகளில் பச்சையத்தைக் கூட்டிக்கொண்டு, தன் அலங்காரத்தைக் களைந்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கிறது. குரோட்டன்ஸில் இதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்: வெயில் பட்ட கிளையில் தகதகக்கும் மஞ்சளும் செம்மையும், நிழலில் மாட்டிக்கொண்ட கிளையில் மங்கிய பச்சையாகிவிடும். அவ்வாறு பச்சைக்கு மாறியும் போதவில்லையென்றால் அடியிலைகளை ஒவ்வொன்றாக உதிர்க்கத் தொடங்குகிறது. நாம் விலைகொடுத்து வாங்கிய வர்ணத்தை நாமே இருட்டில் வைத்து அழிக்கிறோம்.

இருட்டென்று சொன்னால் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார். கூடத்தில் இரண்டு டியூப்லைட் எரிகிறதே என்பார். கண்ணைப் போல் நம்மை ஏமாற்றும் இந்திரியம் வேறில்லை. வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் கண்மணி விரிந்து, கொஞ்சம் வெளிச்சத்தையும் நிறைந்த வெளிச்சம்போலக் காட்டிவிடுகிறது. நண்பகல் வெட்டவெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவுள்ள ஒளி, சன்னலோரத்தில் சில ஆயிரமாகக் குறைந்து, அறைக்குள் பத்தடி தள்ளிப் போனால் சில நூறாகச் சுருங்கிவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ள கூடம் 200, 300 லக்ஸைத் தாண்டுவது அரிது. கலாத்தியா அடர்காட்டின் அடித்தளத்தில் வளர்வது, அதற்கு இருட்டே பிடிக்கும் என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வெயில்தான் அந்தக் காட்டின் தரைக்கு இறங்குகிறது என்பது மெய். ஆனால் 1,00,000-த்தில் நூற்றிலொரு பங்கு 1,000 ஆகிறதே! நம் கூடத்து மூலையைவிடப் பிரேசில் காட்டின் தரை பிரகாசமாக இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

செடியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து அடைக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? குரோட்டன்ஸின் சொந்த நாடு மலேயாவுக்கும் ஆஸ்திரேலியாவின் வடகோடிக்கும் இடைப்பட்ட தீவுப் பிரதேசம். டச்சுக் கம்பெனியின் ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்து, 1670-ல் இரண்டு கண்களையும் இழந்த பின்னரும் எழுத்தர்களைக் கொண்டு தம் தாவர நூலைத் தொடர்ந்து எழுதிய ரும்பியஸ் அதைப் பற்றி எழுதிவைத்தார். அந்த மகா கிரந்தம் அவர் மறைந்து வெகுகாலத்துக்குப் பின், 1741-க்கும் 1750-க்கும் இடையே அச்சேறியது. பின்னர், 1829-ல் நதானியேல் வார்டு என்னும் லண்டன் வைத்தியர், மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் செடி தன் ஈரத்தைத் தானே சுழற்றிக்கொண்டு பிழைக்கும் என்று தற்செயலாகக் கண்டறிந்தார். அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து உஷ்ண தேசத்துச் செடிகளைக் கப்பலேற்றும் வியாபாரம் பெருகிற்று. 1860-களில் வீச் நாற்றங்கால் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் கோல்டு வீச் தென்கடல் தீவுகளிலிருந்து வண்ண வண்ணமான குரோட்டன்ஸ்களை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கே வெளியில் வைத்தால் ஒரே இரவின் பனியில் கருகிப்போகும் செடிகளை, அடுப்பு மூட்டிக் காய்ச்சிய கண்ணாடி வீடுகளிலும் வரவேற்பு அறைகளிலும் வைத்துக் காப்பாற்றினார்கள். அது அவர்களுக்கு நேர்ந்த நிர்ப்பந்தம். வருஷத்தில் பெரும்பகுதி நிழலில் 25-க்கும் 35-க்கும் இடைப்பட்ட பாகை உஷ்ணம் நிலவும் காவிரிக் கரையில் நாம் அதே காரியத்தை ஏன் செய்யவேண்டும்? குளிர்தேசத்தார் செடியைக் காப்பதற்காக உள்ளே வைத்தார்கள். படத்தில் அதைப் பார்த்த நாம், அழகுக்காக வைத்ததாக எண்ணிக்கொண்டு, வெளியில் சுகமாக இருக்கக்கூடிய செடியை உள்ளே வைத்துச் சாகடிக்கிறோம்.

ஸ்ரீரங்கத்தில் இன்னும் இடிபடாமல் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் ஒன்றுக்குள் சென்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புலப்படும். அரங்கன் கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளிப்பிராகாரங்களான உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் உள்ள அவ்வீடுகள், வீதியைப் பார்த்த முகப்பு குறுகியும் உள்நீளம் மிகுந்தும் இருப்பவை; திண்ணையைக் கடந்து ரேழியில் நுழைந்தால் ஒரு கணம் கண் இருள்கிறது, அடுத்த அடியில் முற்றத்தின் வெளிச்சம் வந்து எதிர்கொள்கிறது. வானத்தைப் பார்த்துத் திறந்த அந்தச் சதுரத்தின் நடுவே துளசி மாடம். நாற்புறமும் ஓட்டுச் சாய்ப்புடன் கூடிய தாழ்வாரம். தாழ்வாரத் தூணின் அருகே நிற்கும் தொட்டிக்கு உச்சி வெயில் நேராக விழுவதில்லை, ஆனால் காலை முதல் மாலை வரை வானத்தின் பிரகாசம் முழுவதும் கிடைக்கிறது. செடி வளர்ப்பு நூல்கள் எல்லாம் திரும்பத் திரும்ப எழுதும் 'பிரகாசமான மறைமுக ஒளி' என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் ஏட்டில் கிடையாது. மேலும் அங்கே கை கால் அலம்பிய நீரும், மழையில் ஓட்டிலிருந்து சொட்டும் நீரும், கோடையில் குளிர்ச்சிக்காகக் கல்தளத்தில் தெளித்த நீரும் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், வெளியே தெருவில் காற்று வறண்டு கிடக்கும்போதும் முற்றத்தில் ஈரப்பதம் நிற்கிறது. சித்திரைத் தேருக்கு வந்த கூட்டத்தின் புழுதியும் வெப்பமும் வாசலோடு நின்றுவிடுகின்றன. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் குரோட்டன்ஸை மனத்தில் வைத்துக் கட்டவில்லை. மனிதன் மூச்சுவிடுவதற்காகக் கட்டினார்கள். மனிதனுக்கு எது சௌகரியமோ அதுவே தொலைதூரத் தீவுகளிலிருந்து வந்த செடிக்கும் சௌகரியமாக அமைந்தது.

ஸ்ரீரங்கத்தில் செடி என்றால் புஷ்ப கைங்கரியம் என்பதே பழைய சம்பிரதாயம் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்த ஊர் இது. மதுரகவி நந்தவனத்திலிருந்து பெருமாளுக்கு மாலை போவது இன்றும் நடக்கிறது. பெருமாளுக்கும் ஆகாமல், குழம்புக்கும் ஆகாமல், இலையின் வர்ணத்துக்காக மட்டுமே வளர்க்கப்படும் ஒரு செடி அவ்வூரில் சிறிது விருந்தாளியாகவே இருந்திருக்கும். இருந்தும் தாழ்வாரத்திலும் கிணற்றடியிலும் அதற்கு இடம் கொடுத்தார்கள். அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, மனையின் கடைசி அங்குலம் வரை அறைகளாகப் பிரிக்கப்படும் இக்காலத்தில், முற்றம் என்பது வீணான இடம் என்று கணக்கிடப்படுகிறது. அடுக்ககத்தில் காற்றோட்டத்துக்கென்று விடும் குறுகிய கிணறு போன்ற சந்தில் குழாய்கள் ஓடுகின்றன, வெளிச்சம் இறங்குவதில்லை. வண்ணச் செடி ஒன்று நம் வீட்டில் வாடினால், அந்த வீட்டில் பகலில் விளக்கேற்றாமல் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

முற்றம் போய்விட்டவர்கள் என் செய்வது? பால்கனியும் சன்னலுமே கதி. ஆனால் எந்தத் திசைச் சன்னல் என்பதில் மேனாட்டு நூல்களை நம்பக்கூடாது. தெற்குச் சன்னலே வெயில் மிகுந்தது, வடக்குச் சன்னல் எப்போதும் குளிர்ந்த நிழல் என்று அவை கூறுவது லண்டனுக்குப் பொருந்தும். திருச்சிராப்பள்ளி வட அட்சம் 10.8 பாகையில் இருப்பதால், சூரியன் ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஊரின் உச்சியைக் கடந்து வடக்கே போகிறான். மறுபடி ஆகஸ்ட் 25-ஐ ஒட்டித்தான் உச்சிக்குத் திரும்பி வருகிறான். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரை, கத்திரி வெயில் முழுவதும் உட்பட, நமக்கு வெயில் அடிப்பது வடபுறத்தில். தென்புறத்துப் பால்கனி அக்காலத்தில் நிழலாக இருக்கும். மார்கழியிலும் தையிலும் நிலைமை தலைகீழாகி, தெற்குப் பால்கனிக்குள் வெயில் நெடுக நுழைகிறது. ஆகவே இவ்வூரில் செடித்தொட்டி வருஷத்துக்கு இருமுறை இடம் மாறவேண்டும். கிழக்குச் சன்னலில் காலை ஒன்பது, பத்து மணி வரை விழும் வெயில் எந்த வண்ணச் செடிக்கும் அமிர்தம். மேற்குச் சன்னலைச் சித்திரை, வைகாசியில் குரோட்டன்ஸைத் தவிர வேறெதுவும் தாங்காது. அதுவும் நாற்றங்காலில் பச்சை நிழல்வலையின் கீழ் வளர்ந்ததாக இருந்தால் முதல் வாரத்திலேயே இலை வெந்துபோகும், பழக்கிப் பழக்கித்தான் வெயிலுக்கு நகர்த்தவேண்டும். ஆடிக் காற்று வேறு இருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வறண்டு வரும் அந்த மேல்காற்று மாடிப் பால்கனிகளில் அடிக்கும்போது, தோல்போன்ற இலையுடைய குரோட்டன்ஸ் தலையாட்டிக்கொண்டு நிற்கும், கலாத்தியாவின் ஓரமெல்லாம் தீய்ந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நாற்றங்கால்களில் சொல்லியனுப்பும் உபதேசம், "தினம் ஒரு டம்ளர் ஊத்துங்க, போதும் சார்" என்பது. வெளிச்சம் குறைந்த இடத்தில் நிற்கும் செடி தண்ணீரை மெதுவாகவே குடிக்கிறது. அடியில் துளையில்லாத பீங்கான் தொட்டியில், தேங்காய் நார்க்கழிவு மிகுந்த கலவையில், தினமும் ஒரு டம்ளர் சேர்ந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் செலுத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றவேண்டும், ஈரமிருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்குமேல் இதில் ரகசியம் ஒன்றுமில்லை. துளையுள்ள மண்தொட்டியும், செம்மண்ணும் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்த கலவையும் இவ்வூரின் உஷ்ணத்துக்கு உகந்தவை. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு மிகுந்த தெருக்களில் தொட்டியின் விளிம்பில் வெண்மை படிவதையும், கலாத்தியாவின் நுனி பழுப்பாவதையும் காணலாம்; அவ்வீடுகளில் காவிரிக் குழாய்நீரையோ, ஐப்பசி கார்த்திகை மழையில் பிடித்துவைத்த நீரையோ அதற்கு வார்ப்பது நல்லது. மாதம் ஒருமுறை, அடியில் வழிந்தோடும்படி தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவிவிடவேண்டும். குளிர்சாதன இயந்திரத்தின் காற்று நேராகப் படும் இடத்தில் எந்த உஷ்ண தேசத்துச் செடியையும் வைக்கலாகாது. அந்த வறட்சியில் சிலந்திப்பேன் பெருகுகிறது. இலையின் அடிப்புறத்தைக் குழாய்நீரில் அலம்பி, வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கலந்து தெளித்தால் அதுவும் மாவுப்பூச்சியும் பெரும்பாலும் அடங்கும். குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில், கலாடியத்தையும் டைஃபன்பேக்கியா என்னும் இலைச்செடியையும் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். கடித்தால் அவற்றின் ஊசிப் படிகங்கள் வாயை வீங்கச் செய்யும். குரோட்டன்ஸின் பாலும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, செடி அறையின் காற்றைச் சுத்தப்படுத்துகிறது, ஆகையால் எப்படியாவது உள்ளே இருக்கட்டும் என்பாரும் உளர். 1989-ல் அமெரிக்காவின் நாசா ஸ்தாபனத்தில் மூடிய சிறு கூண்டுகளில் நடத்திய பரிசோதனையிலிருந்து பிறந்த நம்பிக்கை இது. கதவும் சன்னலும் உள்ள மெய்யான அறைக்கு அதைப் பொருத்திப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். அவ்வளவு செடிகள் இருந்தால் வீட்டார் குடியிருக்க வேறிடம் பார்க்க வேண்டியதுதான். சன்னலைத் திறந்தால் காற்று சுத்தமாகும், செடிக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

இவையெல்லாம் தெரிந்த பின்னும், என் சிபாரிசு பழைய குரோட்டன்ஸுக்கே. இன்றைய வாலிபர்கள் அதைக் கண்டால் முகஞ்சுளிக்கிறார்கள். காவி பூசிய தொட்டியில் தாலுகா கச்சேரி வாசலிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் நிற்கும் செடி அது, வீட்டுக்குள் வைக்கத் தகுந்ததன்று என்பது அவர்கள் எண்ணம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமாக இருந்த நகரம் இது. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே தொழிற்சாலை பொன்மலைக்கு வந்தது. அங்கே உத்தியோகஸ்தர் குடியிருப்புகளில் ஒரு பூவும் பூக்காத சித்திரை வெயிலிலும் வாசலுக்கு வர்ணம் கொடுத்துக்கொண்டிருந்தது குரோட்டன்ஸ். எளிதில் கிடைப்பதாலும், சாகாமல் இருப்பதாலும் ஒரு செடிக்கு மதிப்புக் குறைவது விசித்திரமான நியாயம். இந்தோனேசியாவின் போகோர் நகரில் கிரெகோரி ஹம்பாலி என்னும் தாவர நிபுணர் 1980-களில் சிவந்த அக்லோனிமாவை இனக்கலப்பால் உண்டாக்கியது அபாரமான சாதனை என்பதை மறுப்பதற்கில்லை; அதன் வழிவந்த செடிகள் நிழலில் குரோட்டன்ஸைவிட நன்றாகவே பிழைக்கும், கிழக்குச் சன்னல் ஒன்றே உள்ளவர்கள் அதை வாங்கலாம். ஆனால் கலாத்தியாவைக் குளிர்சாதன அறைக்கு வாங்குவது பணத்தைக் காவிரியில் விடுவதாகும். குரோட்டன்ஸோ, ஆடியிலிருந்து ஐப்பசிக்குள் பென்சில் கனத்தில் ஒரு குச்சியை வெட்டி, பால் நின்றபின் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர்விடும். விண்பதியம் போட்டால் இன்னும் நிச்சயம். அண்டை வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடிய செடிக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பானேன்?

கலாடியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும், ஏனெனில் எல்லாச் செடிகளிலும் அநியாயமாகக் குப்பைக்குப் போவது அதுதான். நம் சேம்பின் உறவுக்காரனாகிய அது கிழங்கிலிருந்து முளைப்பது. ஆறேழு மாதம் இலைவிட்டு ஆடிவிட்டு, மார்கழிவாக்கில் இலையெல்லாம் மஞ்சளித்துச் சாய்ந்து மண்ணுக்குள் உறங்கப் போய்விடுவது அதன் ஸ்வபாவம். வீட்டார் அதைச் சாவென்று எண்ணி, முதலில் தண்ணீரை அதிகமாக ஊற்றிக் கிழங்கை அழுகச் செய்கிறார்கள். பிறகு தொட்டியோடு எறிந்துவிடுகிறார்கள். இலை சாயத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து நிறுத்திவிட்டு, தொட்டியை மழைபடாத நிழலில் ஒதுக்கி வைத்தால், பங்குனி சித்திரையில் மறுபடி நீர் காட்டியதும் முளைவிடும்.

இதைத் தொட்டியை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோதாவரிக் கரையிலுள்ள கடியத்து நாற்றங்கால்களிலிருந்து லாரி லாரியாகச் செடிகள் தென்னாடெங்கும் வந்து இறங்குகின்றன. எந்தச் செடி எந்த வெளிச்சத்தில் வளர்ந்தது என்ற தகவல் மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இத்தனைக்கும் தாவர சாஸ்திரத்துக்குத் திருச்சிராப்பள்ளியில் பஞ்சமில்லை. தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய பாதிரியார் கே.எம். மாத்யூ, 1969-ல் கோடைக்கானலில் வந்து குடியேறிய அயல்நாட்டுச் செடிகளைப் பற்றியே தனி நூல் எழுதியவர். பின்னர் தமிழகத்தின் கர்நாடிக் என்னும் நிலப்பகுதியின் தாவரங்களைப் பல பாகங்களில் தொகுத்துத் தந்தவர். நாவலூர் குட்டப்பட்டில் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அக்கல்லூரியின் மாணவிகளும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து, இவ்வூரில் விற்கும் முப்பது நாற்பது வண்ணச் செடிகளுக்கு, எந்தத் திசைச் சன்னல், எந்த மாதம் எவ்வளவு நீர், எப்போது உறங்கும் என்ற விவரங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது பெரிய பிரயாசையான காரியமன்று. நாற்றங்கால்காரர்களும் தயங்க வேண்டியதில்லை. விலை எழுதித் தொங்கவிடும் அதே அட்டையின் மறுபக்கம் காலியாகத்தான் இருக்கிறது.